பைக்கைப் பின்னால் தள்ளிப் பெட்டியைச் 'சமன்' செய்யாதீர்கள்

என் பட்டறை முற்றத்தில் இப்போது ஒரு பெட்டி டிரெய்லர், வலப்பக்கம் முழுவதும் நசுங்கிய நிலையில் நிற்கிறது. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட அந்த வெற்றுப் பெட்டியை அதன் சொந்தக்காரர் எட்டு மாதங்களின் வார இறுதிகளைச் செலவிட்டுத் தங்கும் அறையாக மாற்றியிருந்தார். முன்பக்கம் கட்டில், அதன் அடியில் இழுப்பறைகள், பக்கத்தில் சிறு சமையல் மேடை. பின்பாதியில் இரண்டு பைக்குகள். தச்சு வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீளமான இறக்கம் ஒன்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது பெரிய லாரி ஒன்று கடந்து சென்றிருக்கிறது. அந்தக் காற்றில் பெட்டியின் வால் ஒரு பக்கம் ஒதுங்கி, அடுத்த பக்கம் இன்னும் அதிகமாக ஒதுங்கி, மூன்றாவது வீச்சில் காரின் பின்பாகத்தையும் இழுத்துக்கொண்டு சாலையோரத் தடுப்பின் மேல் சாய்ந்துவிட்டது. ஆட்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பெட்டியின் உட்சுவரில் மட்டும் பைக்கின் பிரேக் லீவர் குத்திய துளை, விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக இருக்கிறது. இதே காரணத்தால் இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது பெட்டி இது. இனியும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

எடையை எப்படிப் பிரித்து வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "முதலில் மூக்கு ரொம்பக் கனமாக இருந்தது சார். பைக்குகளைப் பின்னால் தள்ளியதும் நன்றாகச் சமன் ஆகிவிட்டது. ஒரே ஆளாகத் தூக்கிக் காரில் மாட்டிவிடுவேன்" என்றார். மூக்கு என்பது காரோடு இணையும் பெட்டியின் முன்முனை. முந்தைய மூவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான், இதே பெருமிதத்தோடு சொன்னார்கள். ஒரே ஆளால் தூக்கி மாட்ட முடிகிறது என்பதை அவர்கள் வேலை நன்றாக முடிந்ததற்கான சான்றாக நினைக்கிறார்கள். என் கண்ணுக்கு அதுதான் முதல் அபாய அறிகுறி.

டிரெய்லரைத் துலாக்கோல் போல, அதாவது சக்கர அச்சின் முன்னும் பின்னும் எடை ஒத்திருந்தால் அது அமைதியாக ஓடும் என்று பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் பெட்டிக்கு அது பொருந்தலாம். ஓடும் பெட்டிக்குப் பொருந்தாது. அம்பை நினைத்துப் பாருங்கள். முனை கனமாக இருப்பதால்தான் அது நேராகப் போகிறது. வாலில் கனம் கட்டி எய்தால் காற்றில் தடுமாறித் திரும்பத்தான் பார்க்கும். இழுத்துச் செல்லப்படும் பெட்டிக்கும் அதே கதைதான். அதன் மூக்கு, காரின் இணைப்புக் குமிழை உறுதியாகக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை மூக்கில் இறங்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. அந்த அழுத்தம் ஒரு குறை அன்று; இணைப்புக் கொக்கி இருப்பதே அதைத் தாங்குவதற்குத்தான். கையால் தூக்க முடியவில்லை என்றால் அதற்கு ஜாக்கி இருக்கிறது. பெட்டியின் எடைப் பகிர்வை உங்கள் முதுகின் வசதிக்காக மாற்றாதீர்கள்.

அவருடைய பெட்டியின் கணக்கையே சொல்கிறேன். பைக்கும் தண்ணீரும் இல்லாதபோது அது ஏறத்தாழ 1,000 கிலோ. மூக்கில் 190 கிலோ, அதாவது 19 சதவீதம். கட்டில், மேடை, பேட்டரிகள் எல்லாம் முன்னால் இருந்ததால் அப்படி. இணைப்புக் குமிழிலிருந்து அச்சுக்கு 4 மீட்டர். தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு பைக்குகளின் எடைமையம் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் வரும்படி நிறுத்தியிருந்தார். 440 கிலோவை 1 மீட்டரால் பெருக்கி 4 மீட்டரால் வகுத்தால் 110 கிலோ. மூக்கில் அவ்வளவு குறைந்துவிட்டது. பின்மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால் வைத்திருந்தார். அது இன்னொரு 40 கிலோவைத் தூக்கிவிட்டது. ஆக, 1,540 கிலோ பெட்டிக்கு மூக்கில் மீதம் இருந்தது வெறும் 40 கிலோ, 2.6 சதவீதம். இதைத்தான் அவர் 'சமன்' என்று அழைத்தார்.

இப்போது அதே பைக்குகளையும் அதே தொட்டியையும் அச்சுக்கு நேர் மேலே வைத்துப் பாருங்கள். அச்சின் மேல் இருக்கும் எடை மூக்கைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. மூக்கில் அதே 190 கிலோ நிற்கிறது. 1,540 கிலோவில் அது 12.3 சதவீதம். எதையும் வாங்க வேண்டியதில்லை, எதையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. பைக்குகளை ஒரு மீட்டரும் தொட்டியை 1.6 மீட்டரும் முன்னால் நகர்த்தினால் போதும். பைக் ஏறும், இறங்கும். தண்ணீர் நிறையும், தீரும். இப்படி வந்துபோகும் எடைகளெல்லாம் அச்சின் மேல் அமைய வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்து, அதைச் சுற்றி மற்றவற்றை வரையுங்கள். கட்டிலை முதலில் வரைந்துவிட்டு மிஞ்சிய இடத்தில் பைக்கை நுழைப்பதுதான் இவ்வளவு கோளாறுக்கும் தொடக்கம். பின்கதவே சாய்தளமாக இறங்குவதால் பைக் அந்தக் கதவின் அருகிலேயே நின்றுவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டிலைச் சுவரோடு மடக்கும்படியோ கூரைக்கு உயர்த்தும்படியோ செய்தால், பைக் உள்ளே வேண்டிய தூரம் வரும். இறக்கிய பிறகு கட்டில் விரியும்.

சிலர் இதைப் படித்துவிட்டு, பின்னால் பைக்கை வைத்து அதற்கு ஈடாக முன்முனையில் கருவிப்பெட்டி, ஜெனரேட்டர் என்று கனத்தை ஏற்றி 12 சதவீதத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். இரு முனையிலும் குண்டு மாட்டிய கம்பியைக் கையில் பிடித்துச் சுழற்றியவர்களுக்கு, ஒருமுறை சுழலத் தொடங்கினால் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

காரின் கையேட்டில் மூக்கு எடைக்கு உச்சவரம்பு தரப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமலேயே பெட்டி வாங்கிவிடுகிறார்கள். ஐரோப்பியச் சந்தைக்கான கார்கள் பலவற்றில் அது 75 முதல் 100 கிலோவுக்குள் நின்றுவிடும். அப்படியானால் அந்தக் கார் இந்தப் பெட்டிக்கு ஏற்றதல்ல என்றுதான் பொருள். பைக்கைப் பின்னால் தள்ளிப் பெட்டியைக் காருக்குப் பொருத்துவது தீர்வாகாது. அச்சின் திறனையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். என்னிடம் வரும் ஒற்றை அச்சுப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1,588 கிலோ, அதாவது 3,500 பவுண்டு தாங்கும் அச்சு உடையவை. ஆனால் பெட்டியின் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அதைவிடக் குறைவாகவே பொறிக்கப்பட்டிருக்கலாம். தகட்டில் உள்ள எண்தான் கணக்கு. 12 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப்பலகை ஒன்று 18 கிலோவைத் தொடும். பத்துப் பலகையை அடித்துவிட்டு "வெறும் மரம்தானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மூக்கு எடையை அளக்க எடைமேடைக்குப் போக வேண்டும் என்பதுகூட இல்லை. உறுதியான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையை இரும்புக் குழாயின் மேலும், அங்கிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி மறுமுனையைக் குளியலறை எடைப்பொறியின் மேலும் வையுங்கள். சட்டம் மட்டும் இருக்கும்போது பொறி காட்டுவதைக் குறித்துக்கொண்டு, குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் பெட்டியின் மூக்கை இறக்குங்கள். கூடிய எடையை மூன்றால் பெருக்கினால் விடை. பெட்டி, காரில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில், சமதரையில் நிற்க வேண்டும். பைக்கோடு ஒருமுறை, பைக் இல்லாமல் ஒருமுறை, தொட்டி நிறைந்து ஒருமுறை, காலியாக ஒருமுறை என்று நான்கு விதத்திலும் அளந்து பெட்டியின் உட்சுவரிலேயே எழுதி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். பயணத் தொடக்கத்தில் முன்னால் இருந்த தண்ணீர், முடிவில் பின்னால் போயிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் வந்துவிட்டால், காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து ஆட்டத்தை விரட்டாதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பெட்டிக்கு மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்குங்கள். ஆட்டத்தடுப்புக் கருவி மாட்டியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: நன்றாக ஏற்றிய பெட்டிக்கு அது கூடுதல் காப்பு. தவறாக ஏற்றிய பெட்டியில் அது நோயை மறைக்கும் வலிமாத்திரை.

பைக்கைக் கட்டுவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முன்சக்கரத்துக்கு இரும்புப் பிடி, நான்கு ராட்செட் பட்டைகள், நான்கும் வெளிப்பக்கமாக விரிந்து இறங்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் ஓரளவு அமுங்கும்வரை இறுக்குங்கள், அடித்தட்டும்வரை அல்ல. பக்கவாட்டுத் தாங்கியை மடக்கிவிடுங்கள். பட்டைகளை மாட்டும் வளையங்களைப் பிளைவுட் தரையில் மரத்திருகால் முடுக்கியிருப்பவர்கள், இன்றைக்கே கழற்றி அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கட்டும். சுவரில் துளையிட்ட அந்த பைக்கின் வளையம் நான்கு திருகோடும் பிடுங்கிக்கொண்டு வந்து, இப்போது என் மேசையில் காகிதத்தின் மேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது.

இனி உறக்கம். பைக்கும் மனிதரும் ஒரே பெட்டியில் இருக்கும்போது, பைக்கை வெளியே நிறுத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும். மழையாக இருக்கிறது, திருட்டுப் பயம் இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். பெட்ரோல் டாங்கின் மூடி இறுகலாக இருக்கிறது, ஆவி வராது என்பார்கள். டாங்க் மூச்சு விடுவதற்கென்றே வைத்த சிறு குழாய் ஒன்று பைக்கில் இருக்கிறது. பகல் வெயிலில் பெட்டி சூடானால் அந்த வழியே ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழும், தாழ்ந்த இடத்தில் தேங்கும். கூரையில் விசிறி போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்கள், தாழ்ந்து கிடப்பதை மேலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகும். அதே தரைமட்டத்தில் குளிர்ப்பெட்டியின் எரிவாயுச் சுடரையும் தண்ணீர்ச் சூடேற்றியின் தீப்பொறி முனையையும் பேட்டரியின் ரிலேவையும் வைத்திருப்பார்கள். பைக் இருந்த இடத்தில் தேங்கிய ஆவி வெளியேற, தரையை ஒட்டி எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகள் வேண்டும். சூடேற்றி கட்டாயம் தேவை என்றால், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியிலேயே விடும் வகை மட்டும்தான். எரிவாயு எச்சரிக்கைக் கருவியைத் தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு கருவியைத் தலையணை உயரத்திலும் மாட்டுங்கள். "வாடை வந்தால் எழுந்துவிடுவேன்" என்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

கதவைப் பற்றி ஒன்று, இதை எவரும் யோசிப்பதில்லை. சரக்குப் பெட்டியின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. பின்கதவின் தாழ்க்கம்பிகளை உள்ளிருந்து தொடவே முடியாது. பக்கவாட்டுக் கதவிலும் அதே மாதிரித் தாழ் இருந்தால், வெளியே போகிற யாராவது வழக்கமாக அதைத் தள்ளிவிட்டுப் போனாலே நீங்கள் உள்ளே அடைபட்டுவிடுவீர்கள். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியுள்ள கதவு ஒன்றும், கட்டில் அருகே உடல் நுழையும் அளவுள்ள சன்னல் ஒன்றும் இல்லாத பெட்டியில் நான் மெத்தை பொருத்திக் கொடுப்பதில்லை. சன்னலுக்காகச் சுவரின் இரும்பு விலாவை வெட்ட நேர்ந்தால் சுற்றிலும் சட்டம் வெல்டிங் செய்யுங்கள். வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நசுங்கிய அந்தப் பெட்டிக்குச் சுவர்கள் மாற்றியாகிவிட்டது. கட்டில் இப்போது கூரைக்கு உயரும். தொட்டி இரண்டாகப் பிரிந்து சக்கர வளைவுகளின் அருகே அமர்ந்துவிட்டது. நேற்று அவரையே வரவழைத்து, அவர் கையாலேயே மரச்சட்டத்தை வைத்து அளக்கச் சொன்னேன். பொறி 63 கிலோ கூட்டிக் காட்டியது. மூன்றால் பெருக்கி, 189 என்று தாளில் எழுதினார். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடக்கு நாற்காலிகளையும் கூடாரத்தையும் மட்டும் பின்கதவோரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஏற்றிவிட்டு மறுபடியும் பொறியைப் பாருங்கள் என்றேன்.