பிரிட்ஜ் பிக்கப்: குதிரையடி ஏற்பி

பாம்பன் பக்கம் 'பிரிட்ஜ்' என்றால் ரயில் போகிற பாலம். 'பிக்கப்' என்றால் மீன்பெட்டி ஏற்றுகிற வண்டி. இன்ஜின் இழுவை குறைந்தாலும் 'பிக்கப் இல்லை' என்பார்கள். எலெக்ட்ரிக் கிதாரில் இந்த இரண்டு சொல்லுக்கும் பொருளே வேறு.

கம்பிகள் ஏறி அமர்ந்து, தம் அதிர்வைக் கிதாரின் உடலுக்குள் இறக்கும் இடம்தான் பிரிட்ஜ். இதைப் பாலம் என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீணையிலும் வயலினிலும் இதே உறுப்புக்குக் 'குதிரை' என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. கைக்கெட்டும் தூரத்தில் சொல் இருக்க அகராதியைப் புரட்டுவானேன்?

பிக்கப் என்ற பெயர் கிராமபோனிலிருந்து வந்தது. 1920களில், இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியை அப்படி அழைத்தார்கள். ஜார்ஜ் பௌசாம்ப் வடிவமைத்த காந்தப் பிக்கப் 1932இல் ரிக்கன்பேக்கர் கிதாரோடு விற்பனைக்கு வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937இல். காந்தத்தைச் சுற்றி 0.06 மி.மீ. பருமனுள்ள செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்னோட்டம் பிறக்கும். நைலான் கம்பி போட்டால் ஒன்றும் கேட்காது. அதிர்வை வாங்கிக்கொள்வதால் 'அதிர்வேற்பி', சுருக்கமாக 'ஏற்பி' எனலாம். 'எடுப்பான்' என்றும் சொல்லலாம்தான். எனக்கு அது சாப்பாட்டுக் கேரியரை நினைவூட்டுகிறது.

ஆக, பிரிட்ஜ் பிக்கப் என்பது குதிரையை ஒட்டி அமரும் ஏற்பி, குதிரையடி ஏற்பி. 'அடி' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊஞ்சல் கயிறு கொம்பின் அருகே அதிகம் அசையாது. குதிரையை ஒட்டிய கம்பியும் அப்படித்தான். அங்கே அடிநாதம் மெலியும், மேல்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். கூர்மை கிடைக்கும், சத்தம் குறையும். அதை ஈடுகட்டத்தான் பல தயாரிப்பாளர்கள் இந்த ஏற்பிக்கு, கிதாரின் கழுத்துப்பக்கம் இருக்கும் இன்னொரு ஏற்பியைவிடச் சுற்றுகளைக் கூட்டுகிறார்கள். பழைய பாணி இரட்டைச்சுருளில், அதாவது இரண்டு சுருள் கொண்ட ஏற்பியில், மின்தடை 8 கிலோஓம் சுமாருக்கு இருக்கும்; முரட்டுச் சத்தத்துக்கானதில் 14, 16 வரை போகும். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, காந்தமும் கம்பியின் பருமனும் மாறினால் கணக்கே மாறிவிடும். குதிரையருகே கம்பிகள் சற்று அகன்று நிற்பதால், முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அதற்குப் பொருந்தும் ஏற்பியை வாங்குவது நல்லது.

தங்கச்சிமடம் பக்கத் தேவாலயத் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள்: ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, தரையெல்லாம் ஒயர். ஒற்றைச்சுருள் ஏற்பி அத்தனை இரைச்சலையும் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், அதாவது இரைச்சலடக்கி, இதற்கு மருந்து. எதிரெதிர்த் திசையில் இணைத்த இரு சுருள்கள், எதிரெதிர்க் காந்தமுனைகள்: வெளி இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும். இந்தக் கடற்கரையில் வாசிப்பவருக்கு என் பரிந்துரை இதுதான், அதிலும் நிக்கல் மூடி போட்டது. உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். உதிரும் தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி இருந்தால் ஒரு துணியால் துடைத்துவிடலாம்.

ஒற்றைச்சுருளைக் கழற்றி இரட்டைச்சுருள் மாட்டுபவர்கள் வால்யூம் கன்ட்ரோலையும் பாருங்கள். 250 கிலோஓம் இருந்த இடத்தில் வழக்கமாக 500 போடுவார்கள். பழையதையே விட்டால் கூர்மை மழுங்கிக் கேட்கும்.