உள்ளே மட்டும் மூச்சிழுக்கும் கூடாரம்

பிரிட்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகள் நீச்சல் பழகிய பழைய லெஷர் சென்டரில் ஒரு பகுதியை இடிக்கிறார்களாம். ஆனால் மூன்று வாரமாக ஒரு செங்கல்கூட விழவில்லை. வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?"

ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கிறார்கள். தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். அசல் பெயர்! கல்தான், ஆனால் நாராக உரியும். 1960, 70களில் கட்டியவற்றில் பாய்லர் குழாய் உறையிலும், தீக்குப் பயந்து இரும்பு உத்தரத்தில் தெளித்த பூச்சிலும், கூரைத் தகட்டிலும் அது இருக்கும். நீலம், பழுப்பு வகைகளை பிரிட்டன் 1985-இல் தடை செய்தது, வெள்ளையை 1999-இல். அதற்கு முன் கட்டடத்துக்குள் போனது அங்கேயேதான் கிடக்கிறது.

கிடந்தால் தொல்லையில்லை, உடைத்தால்தான் தொல்லை. நார் நீளவாக்கில் பிளந்து பிளந்து கண்ணுக்குத் தெரியாத ஊசியாகிவிடும். நுரையீரலில் குப்பையை விழுங்கும் செல்கள் அதையும் விழுங்கப் பார்க்கும். நீளமான நார் வாய்க்குள் அடங்காது. பாதி விழுங்கிய நிலையில் செல் சிதைந்து புண்ணாகும். புற்றுநோய் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்கூட ஆகலாம்.

சரி, அந்த நார் வெளியே பறக்காமல் இருக்க உள்ளே போடும் கூடாரத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

வேலை நடக்கும் இடத்தைத் தடித்த பாலித்தீன் தாளால் சுற்றி அடைக்கிறார்கள். உள்ளே புகை அடித்து, வெளியே நின்று எங்கே கசிகிறது என்று பார்த்து டேப் ஒட்டுகிறார்கள். என்ன ஒட்டினாலும் எங்காவது ஒரு பொத்தல் இருக்கத்தான் செய்யும். அங்கேதான் தந்திரம். ஒரு விசிறி உள்ளிருக்கும் காற்றை நுண்வடிகட்டி வழியாக ஓயாமல் வெளியே தள்ளுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு? குறைந்தது 5 பாஸ்கல். அரை மில்லிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம், அவ்வளவுதான். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்ச இதைவிட நூறு மடங்குக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த அற்ப வித்தியாசம் போதும்: தாள்கள் பட்டினி கிடந்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும், எந்தப் பொத்தல் வழியாகவும் காற்று உள்ளேதான் போகும். ஓட்டையை முழுதாக அடைக்க முடியாதென்று ஒப்புக்கொண்டு, அந்த ஓட்டையையே நம் பக்கம் வேலை வாங்குகிற புத்தி இது.

கல்நாரை உலர்ந்தபடி யாரும் தொடமாட்டார்கள். சோப்பு போன்ற ஒன்றைக் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிக்கிறார்கள். நனைந்த நார் பறக்காது. இந்த ஒன்றையாவது நம் ஊரில் செய்யலாமே என்று ஆதங்கமாக இருக்கிறது. வெள்ளைக் கல்நார் இங்கே இன்றும் தடை செய்யப்படவில்லை. சிமெண்டில் கட்டுண்டிருக்கும்வரை ஷீட்டிலிருந்து அதிகம் பறக்காது, உண்மைதான். ஆனால் பழைய கொட்டகையைப் பிரிக்கும்போது சுத்தியலால் தட்டி உடைக்கிறார்கள், முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு. போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க, மேலே ஒரு ஹோஸ் பிடிக்க என்ன பெரிய செலவாகிவிடும்?

எல்லாம் உரித்துத் துடைத்த பிறகு தனியாக ஓர் ஆய்வாளர் வருகிறார், கையில் துடைப்பத்தோடு. சுத்தமான தரையை வேண்டுமென்றே பெருக்கி, இருக்கும் தூசியைக் கிளப்புகிறார். அப்புறம் 480 லிட்டர் காற்றை ஒரு வடிகட்டித் தாள் வழியாக இழுத்து, மைக்ராஸ்கோப்பில் நார்களை எண்ணுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 0.01, அதாவது லிட்டருக்குப் பத்து நார் என்ற அளவுக்குக் கீழே வந்தால்தான் கூடாரத்தைப் பிரிக்கலாம். வந்தால்தான் அடுத்த வேலை.

அதன் பிறகு நடப்பது வழக்கமான இடிப்பு. நிற்க வேண்டிய பகுதியை முதலில் கையால் வெட்டித் தனியாக்குவார்கள், அப்புறம் நீண்ட கை வைத்த இயந்திரம் வரும். அன்றைக்குத் தூசி பறக்கும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அது சாதாரண சிமெண்ட் தூசி, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.