அப்பாவின் குரல் வேண்டும், அப்பாவின் வழுக்கை வேண்டாம்

என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்), டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு நோட்டுப் புத்தகமும் கையுமாக வீட்டுக்கு வந்தான். ஒரு பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ‘வேணும்’, அந்தப் பக்கம் ‘வேணாம்’ என்று எழுதியிருந்தான். வேணும் பட்டியலில் கனத்த குரல், மீசை, தாடி, தோள், மாதவிடாய் நிற்பது. வேணாம் பட்டியலில் பரு, வழுக்கை, தொப்பை, ‘ரத்தம் கெட்டியாகுமாமே?’. கடைசியாக ஒன்றைக் கோட்டின் மேலேயே எழுதி வைத்திருந்தான்: நெஞ்சில் முடி. “இத எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியலக்கா” என்றான்.

அவன் அப்பாவுக்கு முப்பது வயதிலேயே நெற்றி ஏறிவிட்டது. “அப்பாவோட குரல் வேணும். அப்பாவோட தலை வேணாம். முடியுமா?”

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஊசி தொடங்கும் பலரும் டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற கேள்வி இது. இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. அது உடலுக்குள் இருந்து தொடங்குகிறது.

மருந்தாகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோனும் ஆண்களின் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் ஒரே மூலக்கூறுதான். பெண் உடல்களிலும் அது சுரக்கிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். வயது வந்த ஆண்களிடம் சுமார் 300 முதல் 1,000 வரை. அளவை அந்த வரம்புக்குள் கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் திருநம்பிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சை.

நம் ஊரில் கிடைக்கும் சஸ்டனான் 250 ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குப்பிக்குள் வெளிர்மஞ்சளாக, சற்றுக் கொழகொழப்பாக ஒரு திரவம் இருக்கும். அது கடலை எண்ணெய். (நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.) டெஸ்டோஸ்டிரோனை அப்படியே ஏற்றினால் சீக்கிரமே கரைந்து போய்விடும். அதனால் அதன் நுனியில் எண்ணெயில் கரையும் ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். எஸ்டர் என்பது இந்த வால்தான். வால் நீளமாக இருந்தால் எண்ணெயை விட்டு மெதுவாக வெளியே வரும். இந்தக் குப்பியில் நான்கு விதமான வால்கள் கலந்திருப்பதால் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி எனத் தசைக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். ரத்தத்துக்கு வந்ததும் வால் அறுந்து வெறும் டெஸ்டோஸ்டிரோன் மிஞ்சும்.

அப்புறம் அது எல்லா இடத்துக்கும் போகும். குரலுக்கு மட்டும் என்று சீட்டு எழுதி அனுப்ப வழியில்லை. நெல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் வாய்க்கால் ஓரத்துப் புல்லுக்கும் பொசிகிற மாதிரி, இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் இருக்கிற செல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது வேலை செய்யும். ஹார்மோனும் ஏற்பியும் சேர்ந்து செல்லின் கருவுக்குள் போய் டி.என்.ஏ. மீது உட்கார்ந்து சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். எதை முடுக்குவது, எதை அடக்குவது என்பது அந்தந்தத் திசுவின் இயல்பு. தண்ணீர் ஒன்றுதான், முளைப்பது வேறு.

இதற்கு முடியைவிட நல்ல சாட்சி இல்லை. தாடையில் பூனைமுடி விடுகிற ஒரு மயிர்க்காலை இந்த ஹார்மோன் தடித்த கருமுடி விடவைக்கிறது. உச்சந்தலையில் தடித்த முடி விட்டுக்கொண்டிருந்த மயிர்க்காலை அதே ஹார்மோன் சிறுத்துப்போக வைத்துப் பூனைமுடிக்குத் தள்ளுகிறது. பின்தலையிலும் காதோரத்திலும் உள்ளவற்றை அது பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை.

வழுக்கைக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பை 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவாக்கினார். பருவமடைவதற்கு முன்பே விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு அது விழத் தொடங்கியது. ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் சேர வேண்டும்.

அந்தப் பரம்பரையில் திருநம்பிகளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. வழுக்கையோடு வலுவாகத் தொடர்புள்ள மரபணுக்களில் ஒன்று ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். அதனால்தான் ‘தாய்மாமன் தலையைப் பார்’ என்கிறார்கள். ஆனால் பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு எக்ஸ். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்றுதான் இயங்கும் என்பதால் தலை முழுக்க இரண்டும் கலந்துகட்டி இருக்கும். நோட்டோடு வந்த இந்தத் தம்பிக்கு ஓர் அண்ணன் உண்டு. அந்த அண்ணனுக்கு அப்பாவின் எக்ஸ் வரவே இல்லை. இவனுக்கு வந்திருக்கிறது. வேறு குரோமோசோம்களிலும் வழுக்கைக்கான மரபணுக்கள் பல உண்டு, ஆகவே இதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. அவன் தாய்மாமன்களின் தலையோடு அப்பாவின் தலையையும் பார்த்தது சரிதான் என்று மட்டும் சொன்னேன்.

சரி, வாய்க்காலில் எங்கேயாவது மடை இருக்கிறதா? ஒன்று இருக்கிறது. சில திசுக்கள் டெஸ்டோஸ்டிரோனை அப்படியே எடுத்துக்கொள்ளும். தோல், மயிர்க்கால், பிறப்புறுப்பு போன்றவை ஒரு நொதியைக் கொண்டு அதை டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான வடிவமாக மாற்றிக்கொள்ளும். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துக் காட்டியது கரீபியக் கடலில் உள்ள டொமினிகன் குடியரசின் ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பார்வைக்குப் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆண் உடலுக்குரிய மாற்றங்களை அடைந்தார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் சக ஆய்வாளர்களும் 1974இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டி.எச்.டி. தயாரிக்கும் நொதியில் பிறவிக் குறை. பருவ வயதில் அவர்களுக்குக் குரல் உடைந்தது, தசை வளர்ந்தது. தாடி மட்டும் அடர்த்தியாக வரவில்லை. முன்நெற்றியும் ஏறவில்லை.

அதாவது குரலும் தசையும் டெஸ்டோஸ்டிரோன் வழி. தாடியும் வழுக்கையும் பெரும்பாலும் டி.எச்.டி. வழி. அந்த நொதியை அடக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 1997இல் வழுக்கைக்கும். திருநம்பிகளுக்கும் டாக்டர்கள் இதை எழுதித் தருகிறார்கள். ஆனால் இந்த மடையை அடைத்தால் தலைக்குப் போகும் தண்ணீரோடு தாடிக்குப் போகும் தண்ணீரும் குறையும். அதனால் தாடி ஓரளவு நிரம்பும்வரை காத்திருந்து தொடங்கலாம் என்பார்கள் பலர். தலையில் பூசும் மினாக்சிடில் என்ற முடி மருந்து ஹார்மோன் வழியில் குறுக்கிடுவதில்லை. காத்திருக்கும் காலத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு.

குரலுக்கு வருவோம். கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்துவான் தொப்பிப் பக்கத்தின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எடை கூடக் கூடத் தோல் மெதுவாக அதிரும், நாதம் கீழே இறங்கும். டெஸ்டோஸ்டிரோன் குரல் நாண்களைத் தடிக்கவைக்கும்போது நடப்பதும் அதுதான். நொடிக்கு 200 தடவைக்கு அருகில் அதிர்ந்தவை 120, 130க்கு இறங்கும். கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துவிடலாம். இதை எடுக்க முடியாது. ஊசியை நிறுத்தினாலும் இறங்கிய குரல் மேலே ஏறாது. பாடுகிறவர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்; மேல் ஸ்தாயி கைவிட்டுப் போகும், நடுவில் சில மாதங்கள் எந்த சுரமும் நிற்காது. இன்னொன்று, வயது வந்தபின் தொடங்குவோருக்குக் குரல்வளைக் குருத்தெலும்பும் தொண்டைக் குழாயும் வாலிபப் பையன்களுக்கு வளர்கிற அளவு வளர்வதில்லை. சிலருக்குச் சுருதி இறங்கியும் குரலில் இளமை தங்கிவிடுவது அதனால்தான். பேச்சுப் பயிற்சியாளரிடம் சில மாதம் போனால் பலன் உண்டு.

ரத்தம் கெட்டியாகும் விஷயம் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரகத்தை எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகிறது. அது எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணு கேட்கும். இரும்புச்சத்தைப் பூட்டிவைக்கும் ஹெப்சிடினையும் டெஸ்டோஸ்டிரோன் குறைக்கிறது. பூட்டு திறந்து இரும்பு வெளியே வரும். மாதாமாதம் போகும் ரத்தமும் நின்றுவிடும். மூன்றும் சேர்ந்து ஹீமோகுளோபினை மேலே தள்ளும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே சாப்பாட்டில், அதே வீட்டில் வளர்ந்த திருநம்பிகளில் பலருக்கு இந்த ஏற்றம் முதலில் நல்லதாகவே படும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நிற்கும். எல்லை தாண்டினால்தான் சிக்கல். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமாடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்று டாக்டர்கள் அளவைக் குறைப்பார்கள், இடைவெளியை மாற்றுவார்கள், அல்லது தோலில் பூசும் ஜெல்லுக்கு மாற்றுவார்கள். புகைபிடிப்பது இந்த எண்ணை இன்னும் ஏற்றும்.

நான்காவது மாதம் அவன் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 15.8. பக்கத்தில் கருப்பாக ‘உயர்வு’ என்ற குறி. ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். பார்த்தால், ஆதாரில் பெண் என்று இருந்ததால் ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் பெண்களுக்கான 12 முதல் 15 வரையை அச்சிட்டிருந்தது. ஆண்களின் வரம்பு 13 முதல் 17. அதற்குள்தான் அவன் நிற்கிறான். ஒரு மனிதனை ஒரு ராத்திரி முழுக்க நடுங்கவைக்க ஒரு அச்சுக் குறி போதும் என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஹார்மோன் எடுப்பவர்கள் ரிப்போர்ட்டை எந்த வரம்போடு ஒப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுப்பும் ஒரே வேலையின் இரு முகம். இடுப்பிலும் தொடையிலும் சேர்வது குறைந்து வயிற்றில் சேரும். முகம் கோணம் பெறுவதற்கும் தொப்பை எட்டிப் பார்ப்பதற்கும் காரணம் ஒன்றே. நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். சற்றுக் குறையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு ஏறலாம். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

மாதவிடாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நிற்கும். அது நின்றுவிட்டதாலேயே கரு உருவாகாது என்று நினைப்பது ஆபத்து. கருமுட்டை அவ்வப்போது வெளிவரலாம், கருத்தரிக்கலாம், டெஸ்டோஸ்டிரோன் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். இது கருத்தடை மருந்து இல்லை. கிளிட்டோரிஸ் வளரும், அது நிரந்தரம். யோனியின் உள் தோல் மெலிந்து வறண்டு எரிச்சல் தரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பலர் இதை ஆண்டுக்கணக்கில் சொல்வதில்லை. உள்ளே மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் இதற்கு நல்ல மருந்து, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, தாடியைத் தொடாது. மார்பு பெரிதாகச் சுருங்காது. உயரம் கூடாது.

இவ்வளவும் பேசியபிறகு அவனுடைய நோட்டில் கோட்டை மாற்றிப் போட்டோம். வேணும், வேணாம் என்பதை விட்டுவிட்டு, எது முதலில் வரும், எது திரும்பிப் போகும் என்று. பருவும் எண்ணெய் வடியும் தோலும் முதல் மாதங்களிலேயே வந்துவிடும். ஓரிரு ஆண்டில் உச்சம் தொட்டுப் பெரும்பாலும் தணியும். குரல் முதல் ஆறு மாதத்துக்குள் உடையத் தொடங்கும். தாடி ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். முழுதாக நிரம்ப ஐந்து ஆண்டுகூட ஆகும். நிறுத்தினால் தசையும் கொழுப்பும் தோலும் பழையபடி நகரும், மாதவிடாய் திரும்பும். குரலும் தாடியும் பழையபடி ஆகாது, விழுந்த தலைமுடி திரும்ப வராது.

வேண்டாதது முந்தி வருகிறது, வேண்டியது பிந்தி வருகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழந்து தானாகவே அளவைக் கூட்டுகிறார்கள். மிகையாகப் போகும் டெஸ்டோஸ்டிரோன் தாடியை அவசரப்படுத்தாது. ஹீமாடோகிரிட்டைத்தான் ஏற்றும். ஒரு பகுதி அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாகவே மாறும். மாறாக, பருவும் மனநிலை ஏற்ற இறக்கமும் தொல்லை தந்தால், பெரிய ஊசியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதை விட்டு, மருந்தை மாற்றியோ பிரித்தோ வாரத்துக்கு ஒருமுறை சிறிதாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ரத்தத்தில் மேடும் பள்ளமும் சமப்படும்.

டெஸ்டோஸ்டிரோனைக் கண்டுபிடித்துச் செயற்கையாகத் தயாரித்ததே 1935இல்தான். 1939இல் இங்கிலாந்தின் மைக்கேல் டில்லன் என்ற திருநம்பி அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். குரலும் தாடியும் எந்த மாதத்தில் வரும், எது நிலைக்கும் என்று சொல்ல அவருக்கு முன்னால் அனுபவப்பட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் அவர் பௌத்தத் துறவியாகி, 1962இல் நம் இமாசலப் பிரதேசத்தின் டல்ஹவுசியில் காலமானார். அவரை நினைக்கும்போதெல்லாம் இந்த மாதக்கணக்குகள் எவ்வளவு பெரிய சொத்து என்று தோன்றும்.

தம்பி இப்போது மூன்றாவது ஆண்டில் இருக்கிறான். போனில் அவன் அப்பாவா அவனா என்று எனக்கே குழப்பம் வருகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரே குளியலறை விளக்கின் கீழ், நெற்றியை ஒரு போட்டோ எடுத்து வைக்கிறான். இடது ஓரம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஃபினாஸ்டரைடு தொடங்கலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “வலது பக்கம் இன்னும் கூடலக்கா. ஒரு வருஷம் போகட்டும்.”