கரண்ட் போனாலும் கவிழாத அப்கிரேட்

"சேர், புது வெர்ஷனுக்கு மாறும்போது பாதியில் கரண்ட் போனால் லெப்டொப் செத்துப்போகுமா?" களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். அவர் பாவிப்பது பெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸ் இயங்குதளம். அதனால் சாகாது. காரணம் மட்டக்களப்பு கல்லடியில் கண்முன்னே நிற்கிறது.

1924இல் கட்டிய இரும்புப் பாலத்தை உடைத்துவிட்டா புதுப் பாலம் போட்டார்கள்? பக்கத்திலேயே கட்டினார்கள். அதுவரை பஸ்ஸும் சைக்கிளும் பழையதில்தான் ஓடின. 2013இல் புதியது திறந்தது. பழையது இன்றும் நிற்கிறது. சில்வர்புளூவும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் கை வைப்பதில்லை. வெளியீட்டை மாற்றச் சொல்லும் 'ரீபேஸ்' கட்டளை கொடுத்ததும் புது வெளியீட்டைப் பக்கத்தில் தனியாக அடுக்குகிறது. ரீஸ்டார்ட் நேரத்தில் உங்கள் அமைப்புகளை அதில் சேர்த்துவிட்டு, எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று காட்டும் ஒரு சுட்டியை மட்டும் மாற்றும். அது ஒரே வெட்டு. பாதி மாறிய நிலை என்று ஒன்று இல்லை. தெரிந்த கொமியூனிகேஷன் கடைக்காரர் ஒருவர் ராகுகாலம் கழித்துத்தான் அப்டேட் போடுவார். இங்கே ராகுவுக்கு வேலையே இல்லை.

சரி, இரண்டு முழு சிஸ்டம் இருந்தால் டிஸ்க் நிறைந்துவிடாதா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சில்வர்புளூவுக்கு அடியில் இருந்து கோப்புகளைப் பராமரிக்கும் கருவி ஓஎஸ்ட்ரீ. அது கோப்புகளைப் பெயரை வைத்துச் சேமிப்பதில்லை. உள்ளே இருப்பதை ஷா-256 கணக்கில் போட்டு, வரும் 64 எழுத்துக் கைரேகையையே பெயராக்குகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை வேறு. ஒரு தமிழ் எழுத்துரு இரண்டு வெளியீட்டிலும் மாறவில்லை என்றால் டிஸ்கில் ஒரே பிரதிதான். பழைய, புதிய சிஸ்டங்களின் கோப்பு மரங்கள் இரண்டும் அதையே ஹார்ட் லிங்க்கால், அதாவது ஒரே கோப்புக்கு இன்னொரு பெயரால், பிடித்துக்கொள்ளும். திரும்ப இறக்கவும் வேண்டாம். ஆனாலும் புது வெளியீட்டில் நிரல்கள் பெரும்பாலும் புதிதாகக் கம்பைல் ஆகி வரும். இறக்க டேட்டா வேண்டும், கொஞ்சம் பெரிய ரீலோட்டாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். டெர்மினலில் 'ஸ்டாட்' போட்டு பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் நிரல்) கடைசியாக மாறிய தேதியைக் கேளுங்கள். 1970 ஜனவரி 1, நம் நேரப்படி காலை 5.30 என்று வரும். யுனிக்ஸ் கடிகாரத்தின் பூச்சியம் அது. ஒரே கோப்பு இரண்டு மரத்தில் தொங்கும்போது ஆளுக்கொரு தேதி வைக்க முடியாதே! அதனால் எல்லாவற்றுக்கும் பூச்சியம். முதல் தடவை பார்த்தபோது மதர்போர்ட் பட்டரி செத்துவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று வாங்கியே விட்டேன்.

சிக்கல் வருவது நாமாக மேலே அடுக்கும் மென்பொருள் பொதிகளால். போன தடவை, வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து போட்டிருந்த வீடியோ கோடெக் புது வெளியீட்டுக்குத் தயாராகவில்லை. ரீபேஸ் முடியாது என்று நின்றுவிட்டது. ஒன்றும் உடையவில்லை. கோடெக்கைக் கழற்றி, மாறி, அப்புறம் மாட்டினேன்.

தங்கச்சி, மாறுவதற்கு முன் இப்போதைய சிஸ்டத்தை அழியாமல் பிடித்துவைக்கும் 'ஓஎஸ்ட்ரீ அட்மின் பின் 0' கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், அடுத்தடுத்த அப்டேட்டில் சில்வர்புளூ பழைய பாலத்தைக் கழற்றி எடுத்துவிடும்.