ஜூரி: சொல் விளக்கம்

2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். இலங்கைத் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து பேரும் விடுதலை என்று கொழும்பு மேல் நீதிமன்றம் அறிவித்தது. அந்த முடிவுக்கு வந்தவர் நீதிபதி அல்ல. குற்றமா இல்லையா என்று முடிவு சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள் ஏழு பேர் கொண்ட ஜூரி சபை. அப்புறம் தமிழர் பேச்சில் கோபத்தோடு அடிபட்ட சொல் அது.

லத்தீனில் 'யூராரே' என்றால் சத்தியம் செய்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ஜூரி' ஆனது. ஆக, ஜூரிகள் என்றால் சத்தியம் செய்து உட்கார்ந்தவர்கள், அவ்வளவுதான். பொய்ச்சத்தியத்தைக் குறிக்கும் 'பெர்ஜுரி'யும் இதே வேர்தான். இலங்கைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷார். இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைக் கைவிட்டது. தமிழ்நாட்டுக்காரருக்கு ஜூரி என்றதும் சினிமா விருதுக் குழு ஞாபகம் வருவது அதனால்தான்.

தமிழில் 'நடுவர் குழு' என்கிறோம். பட்டிமன்றத்துக்கும் நடுவர், குற்றவியல் நீதிமன்றத்திலும் நடுவர் என்பதால் கொஞ்சம் குழப்பம். 'தீர்ப்பாயம்' போல 'நடுவர் ஆயம்' என்றால் தெளிவாக இருக்கும். இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் மதுரைக்காஞ்சியில் 'அறங்கூறு அவையம்' இருக்கிறது. அச்சம், அவலம், ஆசை நீக்கி, பகையும் உவகையும் காட்டாமல், துலாக்கோல் போல நிற்கும் அவை அது. ஆனால் அது சான்றோர் அவை. தெருவிலிருந்து அழைத்து வந்த சாதாரண ஆட்களின் அவையல்ல.

கவனித்தீர்களா? லத்தீன் சொல் கேட்பது சத்தியம். நம் சொல் கேட்பது 'நடு', அதாவது நடுநிலை. ரவிராஜ் வழக்கில் எழுந்த கசப்பு இந்த இடைவெளியில்தான். ரவிராஜ் யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயர், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழர் தரப்பைச் சிங்களத்திலேயே எடுத்துச் சொல்லக்கூடியவர். 2006 நவம்பர் 10 அன்று கொழும்பு நாரஹேன்பிட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தரப்பு சிங்களம் பேசும் ஜூரி சபையைக் கேட்டது. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் குற்றச்சாட்டு இருப்பதால் ஜூரி விசாரணையே கூடாது என்று குடும்பத்தினர் தரப்பில் வாதிட்டார்கள். எடுபடவில்லை.

ஏழு பேரும் முறைப்படி சத்தியம் செய்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீதிபதியைப் போல ஜூரி காரணம் எழுத வேண்டியதில்லை. எந்தச் சாட்சியத்தை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதைப் படித்துப் பார்க்க ஒரு வரிகூடக் கிடையாது. குடும்பம் மேன்முறையீட்டுக்குப் போனது.

பொதுவாக எழுதும்போது நான் 'நடுவர் ஆயம்' என்றுதான் எழுதுவேன். இந்த வழக்கைப் பற்றி எழுதும்போது மட்டும் 'ஜூரி சபை' என்றே விட்டுவிடுகிறேன்.