கண்டெய்னர் – கொள்கலன்

திருவொற்றியூரில் போய்க் கண்டெய்னர் என்றால் என்னவென்று கேட்டால் சிரிப்பார்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் முதுகில் இருக்கிறதே, அந்த 20 அடி, 40 அடி இரும்புப் பெட்டிதான்.

சேர்த்துப் பிடித்து வைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஆங்கிலத்தில் டப்பா, ஜாடி எல்லாமே கண்டெய்னர்தான். 1956ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய பிறகு சரக்குப் பெட்டி என்ற பொருள் உலகமெங்கும் பரவியது. சென்னைத் துறைமுகத்துக்குத் தனிக் கண்டெய்னர் முனையம் 1983ல் வந்தது. செயலியை அதற்குத் தேவையானவற்றோடு ஒரு பெட்டிபோலக் கட்டித் தனியே ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் 2013ல் வெளியானதும் மென்பொருள்காரர்கள் வாயிலும் இதே சொல். டாக்கரின் சின்னமே பெட்டி சுமக்கும் திமிங்கிலம்.

தமிழில் சரக்குப் பெட்டகம் என்றும் எழுதுகிறார்கள். துறைமுகத்துக்கு அது சரி. மென்பொருளுக்குக் கொள்கலன்தான் பொருத்தம் என்பேன். நிலம் நிலன் ஆவதுபோலக் கலம் கலன் ஆகிறது. கலம் என்றால் பாத்திரம், கப்பலும்கூட. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் கொள்கலன் சாதாரணமாகப் புழங்குகிறது.

இந்தக் கலன் எதையெல்லாம் கொள்கிறது? செயலியை மட்டும் என்று நினைப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. லினக்ஸில் கொள்கலனுக்குத் தனி நெட்வொர்க்கே உண்டு. டாக்கர் வழக்கமாக 172.17 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்து, வெளியே போகும்போது அதைக் கணினியின் முகவரியாக மாற்றி அனுப்பும். இதில் ஏதாவது கெட்டால் லேப்டாப்பில் யூடியூப் ஓடும், கொள்கலனுக்குள் ஒன்றுமே வராது. லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி' என்ற பெயர், அங்கே கொள்கலனையே குறிக்கும். லேப்டாப்பில் ஓடும் டேட்டாபேஸை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

நெட் வரவில்லையா, உள்ளேயிருந்து கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அடியுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். (கொள்கலனுக்கு அச்சான இமேஜ் மெலிந்ததாக இருந்தால் பிங் கட்டளையே இருக்காது, அதை நெட் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எண்ணுக்குப் போய், தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸில். கணினியின் டிஎன்எஸ் பட்டியலில் 127 என்று தொடங்கும் முகவரி மட்டுமே இருந்தால், அது கொள்கலனுக்குள் உதவாது என்று டாக்கர் தள்ளிவிட்டுக் கூகுளின் டிஎன்எஸ்ஸைப் போட்டுவிடலாம். ஆபீஸ் ஃபயர்வால் வெளி டிஎன்எஸ்ஸை மறித்தால் அவ்வளவுதான். டாக்கர் அமைப்புக் கோப்பில் ஆபீஸ் டிஎன்எஸ் முகவரியை எழுதி, டாக்கரை மறுபடி தொடங்கினால் சரியாகும்.

எண்ணுக்கே போகவில்லை என்றால், கணினியில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு நெட்வொர்க்கின் தரவை இன்னொன்றுக்குக் கடத்துவது) அணைந்திருக்கிறதா, ஃபயர்வாலை மாற்றியபோது டாக்கரின் விதிகள் அழிந்தனவா என்று பாருங்கள். விதிகள் அழிந்திருந்தால் டாக்கரை ரீஸ்டார்ட் செய்தாலே திரும்ப வந்துவிடும். விபிஎன் இருக்கும்போது சின்னப் பக்கம் திறந்து, பெரிய டவுன்லோடு மட்டும் தொங்கினால் எம்டியுவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு வரம்பை, சந்தேகப்படலாம். அப்புறம், 172.17 வரிசையை ஆபீஸ் நெட்வொர்க்கும் பயன்படுத்தினால் முகவரிகள் மோதும், டாக்கருக்கு வேறு வரிசை கொடுக்க வேண்டியதுதான்.