கைகளால் நடந்த ஜானி எக்: பெற்றோர் கேட்காமல் விடும் கேள்விகள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1911 ஆகஸ்ட் 27 அன்று எக்கார்ட் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ராபர்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னாளில் ஜானி எக் என்று அறியப்பட்ட ஜானிக்கு இடுப்போடு உடம்பு நின்றுவிட்டது போலிருந்தது. எடை ஒரு கிலோகூட இல்லை. வளர்ச்சியில்லாத சின்னக் கால்கள் இருந்தன, ஆனால் அவற்றால் ஒரு பயனும் இல்லை. பின்னாளில் அவற்றைத் தனியாகத் தைத்த உடைக்குள் மறைத்துக்கொண்டார். ஒரு வயதில், ராபர்ட் எழுந்து நிற்பதற்கு முன்பே, ஜானி இரண்டு கைகளையும் ஊன்றி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

நான் குழந்தைகளுக்கான மறுவாழ்வு சிகிச்சையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பின் அடிப்பகுதி உருவாகாமல் பிறக்கும் பிள்ளைகள் அபூர்வமாகத்தான் வருவார்கள். ரிப்போர்ட்டில் ‘சேக்ரல் அஜெனெசிஸ்’ அல்லது ‘காடல் ரிக்ரெஷன்’ என்று எழுதியிருக்கும். ஜானிக்கு இருந்ததும் இதுதான், அதுவும் மிகத் தீவிரமான வடிவம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, ‘நடந்துருவானா மேடம்?’ நியாயமான கேள்விதான். ஆனால் நகர்வதற்கு இந்தப் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். கை வலுவாக இருக்கும், புத்தி தெளிவாக இருக்கும். அவர்களைக் கவிழ்ப்பவை வேறு விஷயங்கள். அதனால்தான் பெற்றோரிடம் அடிக்கடி ஜானியின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பன்னிரண்டு வயதில் மேடைக்குப் போனார். 1923-இன் கடைசியில் ஊர் சர்ச் ஒன்றில் ஜான் மெக்கஸ்லன் என்ற மந்திரவாதி வித்தை காட்ட வந்தார். ‘யாராவது மேடைக்கு வாருங்கள்’ என்றதும் ஜானி கைகளால் நடந்து ஏறிப் போனான். மந்திரவாதி அசந்துபோய், ‘பையனை என்னோடு அனுப்புங்கள்’ என்று வீட்டாரைக் கேட்டார். ராபர்ட்டையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்றான் ஜானி. அப்படியே ஒப்பந்தம் ஆனது. ஒரு வருடத்துக்கு என்று கையெழுத்தான தாளில் ஒன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் ஒன்றைச் சேர்த்துப் பத்து வருடமாக்கிவிட்டார் அந்த மனிதர் என்று ஜானியின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்த ஆண்டே ஜானி அவரை விட்டு வேறு கேளிக்கைக் குழுவுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்து அமெரிக்க சர்க்கஸில் பெரிய கூடாரத்துக்குப் பக்கத்திலேயே தனி டிக்கெட்டுக்கு ஒரு சின்னக் கூடாரம் இருக்கும். மிகக் குள்ளமானவர்கள், ஒட்டிப் பிறந்த இரட்டையர், தாடி வளர்ந்த பெண்கள் என்று வித்தியாசமான உடல் கொண்டவர்களை உட்காரவைத்துக் காட்டுவார்கள். நம்மூர்ப் பொருட்காட்சிகளில் பாம்பு உடம்பும் பெண் தலையுமாக ஒரு கூடாரம் இருக்குமே, அது கண்ணாடி வித்தை. அங்கே இருந்தவர்கள் நிஜ மனிதர்கள். ஜானியை ‘அரை மனிதன்’ என்று விளம்பரம் செய்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. கோட்டு போட்ட ஒருவர் ஒற்றைக் கையில் தலைகீழாக நிற்பார், கயிற்றின் மேல் நடப்பார். 1932-ல் ஒரு ஹாலிவுட் படத்திலும் நடித்தார். 1937 வாக்கில் ராஜா ரபாய்ட் என்ற மந்திரவாதியோடு சேர்ந்து அவர் செய்த வித்தை இன்றைக்கும் மேஜிக்காரர்கள் பேசுவது. கூட்டத்திலிருந்து, ஜானியின் முகச்சாயல் கொண்ட ராபர்ட் எழுந்து மந்திரவாதியைக் கிண்டல் செய்வார். மேடைக்கு அழைத்து, பெட்டிக்குள் படுக்கவைத்து, அறுப்பார்கள். அதற்குள் ராபர்ட் இருந்த இடத்தில் ஜானி வந்திருப்பார். இடுப்புக்குக் கீழே, கால்சட்டைக்குள் உடம்பை மறைத்துக்கொண்ட ஒரு குள்ள மனிதர். அறுத்து முடித்ததும் ‘கால்கள்’ எழுந்து ஓடும். ‘என் காலைக் கொடு’ என்று கத்திக்கொண்டே ஜானி கைகளால் துரத்துவார். பார்த்தவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

இது சுரண்டலா, தொழிலா என்று கேட்பார்கள். ‘இரண்டும்’ என்பேன். இன்னொருவர் உடம்பை வேடிக்கை பார்க்கக் காசு வாங்குவது அசிங்கம்தான். அதே சமயம் 1920-களில் இப்படிப் பிறந்தவருக்குக் காத்திருந்தது பெரும்பாலும் ஏதாவது ஓர் இல்லத்தின் மூலை, இல்லையென்றால் தெருவோரம். அந்த மேடை ஜானிக்குச் சம்பாத்தியம் கொடுத்தது, ஊர் ஊராகச் சுற்றவைத்தது. ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டி ஒதுங்குபவர்களைவிட, ‘அவருக்கு வேறு என்ன வேலை கொடுத்திருப்போம்?’ என்று கேட்பவர்களோடு பேச எனக்குப் பிடிக்கும்.

மேடை ஓய்ந்த பிறகு அண்ணனும் தம்பியும் பால்டிமோருக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் ஏறும் சின்ன ரயில் ஒன்றைப் பூங்காவில் ஓட்டினார்கள். கொசுவலை ஜன்னல்களில் ஓவியம் வரைவது பால்டிமோரின் தனிக் கலை. அதைத் தொடங்கிவைத்த வில்லியம் ஆக்டவெக்கிடமே ஜானி கற்றுக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. 1987-ல் திருடர்கள் இருவர் வீடு புகுந்து, ஒருவன் ஜானியின் மேல் ஏறி உட்கார்ந்து கேலி செய்ய, மற்றவன் பொருட்களை அள்ளினான். அதன் பிறகு அவர் வெளியாட்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். 1991 ஜனவரி 5 அன்று, பிறந்த அதே வீட்டில் இறந்தார். வயது 79.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

பெற்றோரின் இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பது பெரும்பாலும் மாமியார்தான்: ‘இவ கிரகணத்துல வெளியில போனாளா?’ கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உறுதியாகத் தெரிந்த தொடர்பு ஒன்று உண்டு: கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். அப்படிப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இந்தக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஆனாலும் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் அம்மாக்களுக்குச் சர்க்கரை கிடையாது. ஜானியும் ராபர்ட்டும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் வளர்ந்தவர்கள், ஒருவருக்கு மட்டும்தான் குறை. எனவே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

தடுக்க முடிந்ததைத் தடுக்கலாம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கான அடித்தளம் கருவின் முதல் நான்கு வாரங்களில் அமைந்துவிடுகிறது. நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, ‘பாசிட்டிவ்’ என்று தெரியும்போது அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை அவசியமானதுதான், ஆனால் இந்தக் குறையைத் தடுக்க அது ரொம்பத் தாமதம். கர்ப்பத்தின் நடுவில் புதிதாக வரும் சர்க்கரைக்கு இதில் பங்கில்லை. அதற்குள் முதுகெலும்பு உருவாகிவிட்டிருக்கும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்து, முடிந்தால் 6.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு அப்புறம் கருத்தரிப்பது நல்லது. சர்க்கரை மாத்திரையை மாற்ற வேண்டுமா, ஃபோலிக் ஆசிட் எவ்வளவு என்பதையும் அப்போதே டாக்டரிடம் கேளுங்கள். ‘கல்யாணத்துக்கு முன்னாடி சர்க்கரைன்னு வெளியில சொல்லாதே’ என்று பெண்ணின் வாயை அடைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த ரகசியத்தால் கெடுவது இந்த முதல் நான்கு வாரம்தான்.

அடுத்தது சிறுநீர். பெற்றோர் கடைசியாகக் கேட்பதும், நான் முதலில் பேசுவதும் இதைத்தான். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் இயக்குகின்றன. அவை சரியாக இல்லையென்றால் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கும், பின்னோக்கி அழுத்தும், மெல்ல மெல்லக் கிட்னியைக் கெடுக்கும். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. காலைத் தாங்கும் காலிப்பரும் ஷூவும் தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பம், கிட்னி கெடுவதைக் காட்டும் க்ரியாட்டினின் பிள்ளையின் ரத்தத்தில் ஏறிய பிறகுதான் சிறுநீரகப் பிரிவுக்குப் போகும். குழந்தை பிறந்ததிலிருந்தே ஸ்கேன், சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் யூரோடைனமிக் பரிசோதனை என்று சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

இந்தக் குறையின் லேசான வடிவத்தில் கால்கள் நன்றாகவே இருக்கும், பிள்ளை ஓடியாடுவான். எப்போதும் உள்ளாடை ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். ‘சோம்பேறி, அடக்கத் தெரியல’ என்று அடி வாங்குவான். பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா, நடுப்பிளவு குட்டையாக இருக்கிறதா, அடிக்கடி காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வருகிறதா, மலச்சிக்கல் தீராமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதுகின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தோள்பட்டை பற்றி சுருக்கமாக. கைகளால் நடக்கும் பிள்ளைக்குத் தோளும் மணிக்கட்டும்தான் கால். வீட்டுக்குள் கைகளால் போகட்டும். தெருவுக்கும் பள்ளிக்கும் வீல்சேர். உடம்பு கனக்கவிடக் கூடாது. உணர்ச்சி குறைந்த தோலில் புண் வந்தாலும் வலிக்காது, அதனால் தினமும் உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்புறம் பள்ளி. ஜானியைப் படிக்கட்டில் தூக்கிப்போக வகுப்புப் பையன்கள் போட்டி போட்டார்களாம். வேடிக்கை பார்க்க வருபவர்களைத் தடுக்கப் பள்ளி ஜன்னல்களுக்குக் கறுப்பு பூசினார்களாம். இன்றைக்கு ஜன்னலுக்குப் பதில் செல்போன். நல்லெண்ணத்தோடு எடுக்கும் ‘தன்னம்பிக்கை’ வீடியோவாக இருந்தாலும் பிள்ளையையும் பெற்றோரையும் கேட்காமல் போடாதீர்கள். பொதுவெளியில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது.

சேர்க்கும்போது தலைமை ஆசிரியரிடம் சாய்தளம், தரைத்தள வகுப்பு இரண்டையும் கேட்பீர்கள். கழிப்பறையையும் போய்ப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டிய பிள்ளை என்றால், மதிய இடைவேளையில் அங்கேதான் செய்தாக வேண்டும். ஏழெட்டு வயதில் பலர் இதைத் தாங்களாகவே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர், சோப்பு, உட்கார ஓர் இடம், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு, இவை இருந்தால் போதும்.